பின் இருக்கையில் ஒருவரோடு நெடும்பயணம்: குரூஸர் தேர்வு பற்றிய கேள்வி பதில்

துணைவரையோ நண்பரையோ பின்னால் அமர்த்திக்கொண்டு பல நாள் பயணம் செல்வதற்காகக் குரூஸர் (தாழ்ந்த இருக்கை கொண்ட, நிதானமான ஓட்டத்துக்கான மோட்டார் சைக்கிள்) வாங்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இவை. ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: குரூஸர் என்றாலே சொகுசு என்கிறார்கள். நானும் மனைவியும் ஒரே நாளில் 400 கிலோமீட்டர் வரை செல்ல விரும்புகிறோம். அந்தச் சொகுசு பின்னால் அமர்பவருக்கும் கிடைக்குமா?

பதில்: பெரும்பாலான குரூஸர்களில் கிடைப்பதில்லை. தாழ்ந்த இருக்கை, அகன்ற ஹேண்டில்பார், முன்னோக்கி நீட்டிய கால்கள் என்று அந்த வடிவம் முழுவதுமே ஓட்டுபவரை மனத்தில் வைத்து உருவானது. பின்பக்கம் தாழ்ந்து தெரிய வேண்டும் என்பதற்காகப் பின் மட்கார்டின் மேல் ஒரு மெல்லிய திண்டை மட்டும் ஒட்டி, அதையே இருக்கை என்று சொல்லிவிடுகிறார்கள். அதில் அமர்பவர் பின் சக்கரத்தின் அச்சுக்கு ஏறத்தாழ நேர் மேலே இருப்பதால், ஒவ்வொரு குழியின் அடியும் நேராக அவருடைய முதுகெலும்புக்குப் போகிறது. இந்தியன் என்ற நிறுவனத்தின் ஸ்கவுட் பாபர் போன்ற வண்டிகள் ஒற்றை இருக்கையோடே வருகின்றன. மறுமுனையில் ஹோண்டா கோல்டு விங் டூர், பின்னால் இருப்பவருக்கு அகன்ற இருக்கையும் பெட்டியோடு இணைந்த முதுகுச் சாய்மானமும் தருகிறது.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் பின்னால் அமர்ந்து ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) கால் வைத்ததும் பக்கவாட்டில் நின்று முழங்காலைக் கவனியுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரமாக எழும்பி நின்றால், தொடைகள் இருக்கையைத் தொடாமல் உடலின் எடை முழுவதும் வால் எலும்பின் மேல் விழுகிறது என்று பொருள். அந்த நிலையில் முதல் 50 கிலோமீட்டர் இனிமையாகவே கழியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் இறங்கும் விதமே உண்மையைச் சொல்லிவிடும். கண்காட்சி அறையில் இரண்டு நிமிடம் அமர்ந்து பார்ப்பது எதையும் காட்டாது. இருபது நிமிடமாவது உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: வண்டியின் கையேட்டிலோ சட்டகத்தில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ அனுமதிக்கப்பட்ட மொத்த எடை குறிப்பிடப்பட்டிருக்கும். அதிலிருந்து, பெட்ரோலும் எண்ணெயும் நிரம்பிய வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதே நீங்கள் ஏற்றக்கூடியது. உதாரணமாக, மொத்த எடை 430 கிலோ, வண்டி 250 கிலோ என்று வைத்துக்கொண்டால் மீதி 180 கிலோ. இருவரும் சேர்ந்து 140 கிலோ, ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் 12 கிலோ என்றால் மூட்டைக்கு மிஞ்சுவது 28 கிலோ மட்டுமே. பெட்டிகளின் சொந்த எடையும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டங்களின் எடையும் அந்த 28 கிலோவுக்குள்தான் அடங்க வேண்டும். வண்டி பெரிதாக இருந்தால் நிறையத் தாங்கும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் வண்டியின் சொந்த எடையே அனுமதியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவது குரூஸர்களில் வழக்கம்.

கேள்வி: பின்னால் ஆள் ஏறியதும் என் வண்டி மிகவும் அமுங்குகிறது. ஹெட்லைட் வெளிச்சமும் மேலே போகிறது. ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். குரூஸர்களின் பின் சஸ்பென்ஷனுக்கு இயங்கும் தூரம் குறைவு; ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650-இல் 101 மில்லிமீட்டர், கவாசாகி வல்கன் எஸ்-இல் 80 மில்லிமீட்டர். ஆள் ஏறியதுமே அதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டால், குழி வரும்போது அமுங்குவதற்கு இடமில்லாமல் ஸ்பிரிங் அடிமட்டத்தில் போய் முட்டுகிறது. பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் நிமிர்வதால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கிறது. முன் சக்கரத்தின் பிடி குறைந்து ஹேண்டில்பார் லேசாகிறது. வளைவில் ஃபுட்பெக் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தரையை உரசுகிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒன்றே.

பிரீலோடை, அதாவது பின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவை, ஓரிரு படிகள் கூட்டினால் பெரும்பாலும் இது தீரும். தனியாக ஓட்டும்போது மறக்காமல் பழைய படிக்கே குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டி கட்டையாகத் துள்ளும். கடைசிப் படிக்குக் கூட்டிய பிறகும் முட்டுகிறது என்றால்தான், உங்கள் இருவரின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் கொண்ட வேறு ஷாக் அப்சார்பர் வாங்கும் யோசனை வர வேண்டும். புதிய வண்டி தேர்வு செய்பவர்கள், பிரீலோடைத் திருகும் இடம் பெட்டியைக் கழற்றாமலே கைக்கு எட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டயரை மறந்துவிடாதீர்கள். கையேட்டில் இருவர் பயணத்துக்கு என்று தனியாகக் காற்றழுத்தம் கொடுத்திருப்பார்கள்; டயர் சூடாவதற்கு முன்பு அதை அளக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து வரும் எண் அது தாங்கும் எடையைக் குறிக்கும்: 71 என்றால் 345 கிலோ, 77 என்றால் 412 கிலோ. டயர் மாற்றும்போது நிறுவனம் கொடுத்ததைவிடக் குறைந்த எண் உள்ளதைப் போடக் கூடாது.

கேள்வி: இருவர் செல்ல 350 சிசி போதுமா, அல்லது 650 வேண்டுமா?

பதில்: எவ்வளவு வேகத்தில், எப்படிப்பட்ட சாலையில் செல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350-இன் எஞ்சின் ஏறத்தாழ 20 குதிரைத்திறனும் 27 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தருகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டி நிதானமாகச் செல்பவர்களுக்கு அது நாள் முழுவதும் உழைக்கும். ஆனால் மூட்டையோடும் ஆளோடும் மேட்டில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால், கியரைக் குறைத்து, நீண்ட இடைவெளிக்காகக் காத்திருந்துதான் முந்த வேண்டும். ஏறத்தாழ 47 குதிரைத்திறனும் 52 நியூட்டன் மீட்டரும் உள்ள சூப்பர் மீட்டியார் 650-இல் அதே வேலை கியர் மாற்றாமலே நடக்கும். அதன் பயன் பின்னால் இருப்பவருக்கே அதிகம், ஏனென்றால் கியர் அடிக்கடி மாறும்போதெல்லாம் அவருடைய ஹெல்மெட் உங்களுடையதில் இடிக்கும். அதற்கும் மேலே போக வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. டிரையம்ப் ராக்கெட் 3-இன் 2,458 சிசி எஞ்சின் வியப்புக்குரியதுதான். ஆனால் அந்த ஆற்றல் பின் இருக்கையின் சொகுசை ஒரு துளியும் கூட்டுவதில்லை.

கேள்வி: கால்களை முன்னால் நீட்டி ஓட்டும் அமைப்பு நல்லதா, நடுவில் ஃபுட்பெக் உள்ளது நல்லதா?

பதில்: நீண்ட தூரத்துக்கு நடுவில் உள்ளதையே பரிந்துரைப்பேன். கால் முன்னால் இருந்தால், குழி வரும்போது ஃபுட்பெக்கை ஊன்றி உடலைச் சற்றுத் தூக்க முடியாது. காற்றும் உங்களைப் பின்னால் தள்ளும். அதைச் சமாளிக்க நீங்கள் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவீர்கள். திடீர் பிரேக்கில் பின்னால் இருப்பவரின் எடையும் உங்கள் முதுகில் சாயும் என்பதால், கால்களை ஊன்ற வழி இருப்பது முக்கியம்.

கேள்வி: விண்ட்ஷீல்டு பொருத்தியபின் எனக்கு வசதியாக இருக்கிறது. பின்னால் இருக்கும் தங்கைக்கோ தலை ஆடுகிறது என்கிறாள்.

பதில்: இது பலருக்கும் நேர்வது. உங்கள் தலைக்கு மேல் தாவிச் செல்லும் காற்று சுழன்று, சற்று உயரமாக அமர்ந்திருக்கும் அவருடைய ஹெல்மெட்டில் மோதுகிறது. சீராக வீசும் காற்று வலுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். சுழலும் காற்று அரை மணி நேரத்தில் கழுத்தைச் சோர்வடையச் செய்துவிடும். கண்ணாடியின் மேல் விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்தில் இருக்கும்படி, அதன் மேலாகச் சாலையைப் பார்க்கும் உயரத்தில் வைத்துப் பாருங்கள். சாய்வை மாற்றுவதும், அடியிலிருந்து கொஞ்சம் காற்று உள்ளே வர விடுவதும் உதவும். உயரமான கண்ணாடி வாங்கினால் பிரச்சினை தீரும் என்ற எண்ணத்தில் அவசரப்பட்டுச் செலவு செய்ய வேண்டாம்.

கேள்வி: முதுகுச் சாய்மானம் தேவையா? பெட்டிகளை எங்கே பொருத்துவது?

பதில்: சாய்மானம் கட்டாயம் தேவை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை வேகம் கூடும்போதும் பின்னால் இருப்பவர் வயிற்றை இறுக்கிப் பிடித்தே அமர வேண்டியிருக்கும். பொருள்களைப் பொறுத்தவரை கனமானவற்றைப் பக்கவாட்டுப் பைகளின் அடியில், முன்பக்கமாக வையுங்கள். துணி, மழைக்கோட்டு போன்ற லேசானவை மட்டும் பின் பெட்டிக்குப் போகட்டும். துணிப் பை என்றால் சைலன்சருக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை ஆள் ஏறிய நிலையில் பாருங்கள், ஏனெனில் வண்டி அமுங்கும்போது பையும் கீழே இறங்கும்.

கேள்வி: நான் குள்ளம். தாழ்ந்த இருக்கை உள்ள கனமான குரூஸர் எனக்கு ஏற்றதா?

பதில்: கால் தரையில் பதிவது பாதித் தைரியம்தான். 240 கிலோ வண்டியில் உங்களோடு இன்னொருவரும் மூட்டையும் ஏறினால், சரிவான இடத்தில் கால் ஊன்றும்போது தாங்க வேண்டியது 350 கிலோவுக்கு மேல். கோல்டு விங் டூரின் சொந்த எடையே 380 கிலோவைத் தாண்டும். அதனால்தான் அதற்கு ரிவர்ஸ் வசதி இருக்கிறது. தள்ளிக்கொண்டே திரும்பிப் பாருங்கள், சரிவில் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: எஞ்சினின் ஆற்றலைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் செயின், பெல்ட், ஷாஃப்ட் (சுழலும் தண்டு) இவற்றில் எது நல்லது?

பதில்: பராமரிப்பு வேண்டாம் என்றால் பெல்ட் அல்லது ஷாஃப்ட். செயின் என்றால், இருவர் பயணத்தில் ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் விடும் பழக்கம் வேண்டும்.

கேள்வி: இவ்வளவு குறை இருக்கும்போது, அட்வெஞ்சர் டூரர் (கரடுமுரடான சாலைக்கும் ஏற்ற உயரமான பயண வண்டி) வாங்கிவிடலாமே?

பதில்: பின் இருக்கை ஒன்றே அளவுகோல் என்றால் வாங்கிவிடலாம், சஸ்பென்ஷனும் இடமும் அவற்றில் அதிகம். ஆனால் பின்னால் ஏறுபவர் காலை உயரத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். வயதான பெற்றோரையோ மூட்டு வலி உள்ளவரையோ அழைத்துச் செல்பவருக்குக் குரூஸரின் தாழ்ந்த இருக்கை பெரிய வசதி. எதை வாங்கினாலும், ஏறும் முறையை முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: ஓட்டுபவர் வண்டியை நிமிர்த்தி, இரு கால்களையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு "ஏறலாம்" என்று சொன்ன பிறகே பின்னால் வருபவர் ஃபுட்பெக்கில் கால் வைக்க வேண்டும், இறங்கும்போதும் அப்படியே.