கால் எங்கே இருக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என்னிடம் குவெஸ்ட் 3 இருக்கிறது; கண்ணில் மாட்டிக்கொண்டால் மெய்நிகர் (விஆர்) உலகைக் காட்டும் ஹெட்செட் அது. இப்போது ஹெட்செட்டே அந்த உலகில் நம் கால்களையும் காட்டிவிடும் என்கிறார்கள். அப்படியானால் கால் அசைவை அளக்கக் காலில் கட்டும் டிராக்கருக்கு ஏன் பணம் செலவழிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: தம்பி, நான் 29 ஆண்டுகள் ஓர் ஆலையின் அளவுக்கருவிப் பிரிவில் வேலை பார்த்தவன். கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், 'வழக்கமாக இந்த நேரத்தில் பாதி இருக்கும்' என்று சொல்பவரை அங்கே ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஹெட்செட் தானாகக் காட்டும் கால், 'வழக்கமாக இருக்கும்' என்ற வகைப் பதில்.

குவெஸ்ட் 3-இன் கேமராக்கள் கைகளையும் மேலுடம்பையும் பார்க்கின்றன. கால்களுக்கு, அதைத் தயாரிக்கும் மெட்டா நிறுவனம் 2023 இறுதியில் ஒரு வசதி தந்தது. தலையும் கையும் இருக்கும் நிலையை வைத்து, கால் இப்படி இருக்கலாம் என்று அது வரைந்து காட்டுகிறது. நீங்கள் குந்தினால் திரையில் இருப்பவரும் குந்துவார். ஒற்றைக் காலைத் தூக்கி உதைத்துப் பாருங்கள், அங்கே இரண்டு காலும் தரையில்தான் நிற்கும். நின்று பேசிக்கொண்டிருக்க அது போதும். பலர் கூடிப் பேசி ஆடும் விஆர்சாட் என்ற மெய்நிகர் உலகில் ஆடவும் உதைக்கவும் சம்மணமிட்டு உட்காரவும் ஆசை என்றால் இடுப்பில் ஒன்று, பாதங்களில் இரண்டு என மூன்று டிராக்கராவது வேண்டும்.

கேள்வி: நான் பரதம் கற்பிக்கிறேன். வெளிநாட்டு மாணவிகளுக்கு இணையம் வழி வகுப்பு எடுக்கும்போது, அரைமண்டியில் முட்டி சரியாக விரிந்திருக்கிறதா என்பது தட்டையான திரையில் தெரிவதில்லை. விஆர் விளையாடுபவர்கள் உடம்பில் கட்டிக்கொள்ளும் கருவிகள் எனக்குப் பயன்படுமா?
– நடன ஆசிரியை, இலாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: அம்மா, எது நல்லது, எது மலிவு என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதங்கள் வரும். முட்டி தெரியுமா என்று கேட்ட முதல் ஆள் நீங்கள். இந்தக் கருவிகளில் பல, முட்டியை அளப்பதே இல்லை. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வகை ஒளியால் அளப்பது. வைவ் டிராக்கர் அப்படிப்பட்டது. அறையின் எதிரெதிர் மூலைகளில், உயரத்தில், பேஸ் ஸ்டேஷன் என்ற பெட்டிகளைப் பொருத்த வேண்டும். வால்வ் நிறுவனம் இந்த முறைக்கு லைட்ஹவுஸ், அதாவது கலங்கரை விளக்கம், என்றே பெயர் வைத்தது; கடற்கரை ஊர்க்காரர்களான நமக்கு இது உடனே விளங்கும். பெட்டிக்குள் சுழலும் உருளை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை அறை முழுவதும் வீசுகிறது. முதல் தலைமுறைப் பெட்டியில் வினாடிக்கு 60 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 16.7 மில்லி வினாடி. சுற்று தொடங்கி 4.2 மில்லி வினாடி கழித்து டிராக்கர் மீது ஒளி பட்டால், அது கால் சுற்று தள்ளி, 90 பாகையில் இருக்கிறது என்று பொருள். நேரத்தை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இத்தனை அழகான அளவுமுறையை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

ஆனால் உங்கள் வகுப்புக்கு இதில் இரண்டு தடைகள் உண்டு. நடனக்கூடத்தில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி இருக்கும். லேசர் அதில் பட்டுத் திரும்பிக் கணக்கைக் குழப்பும், திரை போட்டு மூட வேண்டும். இரண்டாவதுதான் பெரியது. இடுப்பிலும் பாதங்களிலும் மட்டும் கட்டினால், நடுவில் இருக்கும் முட்டியை மென்பொருள் ஊகிக்கிறது. பக்கவாட்டில் முழுதாகத் திறந்த முட்டியை அது முன்பக்கம் மடித்துக் காட்டலாம். முட்டிக்கென்று தனியாக இரண்டு வாங்கினால் சரியாகும். 2021-இல் வைவ் டிராக்கர் 3.0 வந்தபோதே ஒன்றின் விலை ஏறக்குறைய 130 டாலர். ஐந்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பெட்டிகளின் விலை தனி.

அடுத்தது, உடம்பில் கட்டிய சென்சாரே அசைவை அளக்கும் வகை. சோனியின் மோகோப்பி அப்படிப்பட்டது. 2023 ஜனவரியில் ஜப்பானில் 49,500 யென்னுக்கு வெளிவந்தது. தலா எட்டு கிராம் எடையில் ஆறு சென்சார் வில்லைகள்: தலை, இரண்டு மணிக்கட்டு, இடுப்பு, இரண்டு கணுக்கால். ஹெட்செட் வேண்டாம், கைபேசி போதும். பார்த்தவுடன் உங்களுக்குப் பிடித்துவிடும். ஆனால் தொடையில் வில்லை கிடையாது, ஆகவே முட்டி இங்கேயும் ஊகம்தான்.

நான் உங்களுக்குச் சொல்வது, சென்சார் கருவிகளிலேயே ஸ்லைம்விஆர் வகையை. தொடைக்குத் தனியாக, கெண்டைக்காலுக்குத் தனியாக சென்சார் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் தான் கட்டப்பட்ட எலும்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அளக்கும். எலும்பின் நீளத்தை நாம் கொடுத்துவிட்டால் முட்டியின் இடம் கிடைத்துவிடும். கட்டிக்கொள்ள வேண்டியவர் மாணவி. அசைவைப் பதிவு செய்து அவர் அனுப்பினால், நீங்கள் அந்த உருவத்தை முன்னும் பின்னும் மேலிருந்தும் திருப்பிப் பார்க்கலாம்.

என் பேத்திக்கு இப்படிக் கட்டித் தட்டடவு ஆடச் சொன்னேன். அரைமண்டி திரையில் அப்படியே வந்தது. இடது முட்டி வலதைவிடச் சற்று முன்னால் நிற்பதை அவளே கண்டு திருத்திக்கொண்டாள். எட்டு ஆண்டு கற்றவள், அன்றுதான் அதைத் தன் கண்ணால் பார்த்தாள். பாதம் மட்டும் வரவில்லை. பாதத்தில் சென்சார் இல்லாததால் உள்ளங்கால் முழுதாகத் தட்டுகிறதா, குதிகால் முந்துகிறதா என்று காட்டாது. அதை நீங்கள் இப்போதுபோல் ஒலியைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். சலங்கை கட்டும் இடத்துக்கு நான்கு விரற்கடை மேலே கெண்டைக்கால் பட்டையைக் கட்டச் சொல்லுங்கள். முத்திரைகளுக்கு இந்தக் கருவிகளை நம்ப வேண்டாம். ஹெட்செட் அணிந்து ஆடச் சொல்லவும் வேண்டாம்; குவெஸ்ட் 3-இன் எடை 515 கிராம், கழுத்து அசைவுகளைக் கெடுத்துவிடும்.

கேள்வி: பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கினெக்ட் ஒன்று நண்பரிடமிருந்து கிடைத்தது. டிராக்கருக்குப் பதில் பயன்படுமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: பயன்படும். உடல் அசைவைக் கேமராவால் பார்த்து அறியும், 2010-இல் வந்த கருவி இது. இன்றும் இதைக் கணினியின் விஆர் மென்பொருளோடு இணைக்க இலவச மென்பொருள் இருக்கிறது. மின்சாரமும் சேர்ந்து தரும் தனி அடாப்டர் வாங்க வேண்டும். ஏறக்குறைய ஆறடி தள்ளி, அதற்கு முகம் காட்டி நிற்க வேண்டும். முதுகைத் திருப்பினால் இடது எது, வலது எது என்று தடுமாறும். ஒரு கால் மற்றதை மறைத்தால் அதுவும் தெரியாது. சன்னல் வெயில் விழாத சுவராகப் பாருங்கள்.

கேள்வி: சென்சார் வகை டிராக்கர் வாங்கினேன். அரை மணி நேரத்தில் திரையில் இருக்கும் கால் மெல்ல மெல்லத் திரும்பிவிடுகிறது. கருவி பழுதா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. டிராக்கருக்குள் இருக்கும் ஜைரோஸ்கோப் என்ற சென்சார், திரும்பும் வேகத்தை மட்டுமே அளக்கும். அதைக் கூட்டிக் கூட்டித்தான் திசை கிடைக்கிறது. ஒவ்வொரு கூட்டலிலும் துளிப் பிழை சேரும். சில கருவிகள் இதைத் திருத்தக் காந்தத் திசைகாட்டியை வைத்திருக்கின்றன. நம் வீடுகளில் இரும்புப் பீரோ, கட்டில், தளத்துக்குள் முறுக்குக் கம்பி. திசைகாட்டி எதை வடக்கு என்று எடுத்துக்கொள்ளும்? பீரோ பக்கத்தில் நிற்காதீர்கள், அல்லது அமைப்பில் திசைகாட்டியை அணைத்துவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து நின்று மறுசீரமைப்புப் பொத்தானை அழுத்துங்கள். கருவியை இயக்கியவுடன் சில வினாடி மேசையில் அசையாமல் வைத்துவிட்டுப் பிறகு கட்டுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். சென்ற சித்திரையில் எனக்கும் இதே தொல்லை. இரண்டு மாலை மென்பொருளில் தேடினேன். கடைசியில் பார்த்தால், வியர்வையில் தொடைப் பட்டை வழுக்கிச் சென்சார் பக்கவாட்டுக்குப் போயிருந்தது. இணைய வணிகர் ஒருவர் தந்த பட்டை அது, உள்பக்கம் வழவழப்பான துணி. இப்போது உள்பக்கம் சிலிக்கோன் கோடு ஓடும் பட்டைதான் பயன்படுத்துகிறேன்; கடலூர் வெயிலிலும் நிற்கிறது.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் ஹெட்செட்டோடு டிராக்கரும் கேட்கிறான். வீட்டுக் கூடம் சிறியது. வாங்கலாமா?
– இல்லத்தரசி, பாகூர்

பதில்: ஹெட்செட்டுக்குப் பத்து வயதுக்கு மேல், பெற்றோர் கண்காணிக்கும் கணக்கு என்று மெட்டா விதி வைத்திருக்கிறது. டிராக்கர் இப்போது வேண்டாம். கால் உண்மையாகவே அசையும் விளையாட்டில் பிள்ளை உண்மையாகவே உதைப்பான். ஹெட்செட்டுக்குள் இருப்பவனுக்கு டீப்பாய் தெரியாது. நாற்காலிகளை நகர்த்திய பிறகு கூடத்தில் மிஞ்சும் வெற்றுத் தரையின் நீள அகலத்தையும், மின்விசிறியின் உயரத்தையும் அளந்து எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சொல்கிறேன்.