கேபின் ஏசி பழுதா? கெஞ்ச வேண்டாம், எழுதிக் கொடுங்கள்

தம்பி, நீங்கள் ஒரே மூச்சில் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அமீரகத்தின் ஷார்ஜாவில் பால், தயிர் விநியோகிக்கும் வண்டி ஓட்டுகிறீர்கள். கேபின் ஏசி கெட்டுப்போய்ப் பல வாரமாகியும் சூப்பர்வைசர் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றே சொல்கிறார், எப்படிச் சரிசெய்ய வைப்பது என்பது முதல் கேள்வி. மற்றவை கனரக வண்டி லைசென்ஸ், குடும்ப விசா, ஊருக்குப் பணம் அனுப்பும் வழி. அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல உங்கள் தொழிலாளர் கேம்ப் அறையிலேயே ஆள் இருப்பார். ஏசி விஷயத்தில் மட்டும் அறைக்காரர்கள் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள். பொறுத்துக்கொள் என்பார்கள், இல்லையென்றால் சொந்தக் காசில் கேஸ் நிரப்பிக்கொள் என்பார்கள். இரண்டையும் செய்யாதீர்கள்.

ஏசி கேஸ் டீசலைப் போல ஓட ஓடத் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் சில வாரங்களில் மறுபடியும் அனல் காற்றுதான். அதைவிட மோசம், ஒருமுறை உங்கள் பையிலிருந்து திர்ஹம் எடுத்தால் அந்த ஏசி அன்றோடு உங்கள் பொறுப்பாகிவிடும். நிறுவனம் பிறகு திரும்பியே பார்க்காது.

முதலில் என்ன பழுது என்று நீங்களே பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெல்ட்டுக்குக் கிட்டே கையைக் கொண்டுபோகாமல், கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரஸரின் முன்தட்டு பெல்ட்டோடு சேர்ந்து சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழலவே இல்லையென்றால் கேஸ் முழுதும் போயிருக்கலாம், அல்லது மின் இணைப்பில் கோளாறு இருக்கலாம். சுழல்கிறது, ஆனால் கம்ப்ரஸருக்குத் திரும்பும் தடித்த குழாய் குளிர்ந்து வியர்க்கவில்லை என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு. ஓடும்போது குளிர்ச்சி, சிக்னலில் நின்றால் அனல் என்றால் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸரின் விசிறியைச் சந்தேகியுங்கள், அல்லது கண்டென்ஸரில் மணல் அடைத்திருக்கும். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் ஒட்டியிருந்தால் கசிவு அங்கேதான். "ஏசி ஓடவில்லை" என்று வருகிறவரைத் திருப்பி அனுப்புவது சுலபம். "கண்டென்ஸர் விசிறி நின்றுவிட்டது" என்று வருகிறவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது எழுத்து. தினசரி வண்டிச் சோதனைப் படிவம் இருந்தால் அதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் சூப்பர்வைசருக்கும் வண்டிகளுக்குப் பொறுப்பான மேலாளருக்கும் சேர்த்தே செய்தி அனுப்புங்கள். வண்டி எண், தேதி, பழுது, மதியம் கேபினுக்குள் எத்தனை டிகிரி என்பது இருந்தால் போதும். ஒரு சின்ன வெப்பமானி வாங்கி டாஷ்போர்டின் நிழலில் வைத்துப் படம் எடுத்து இணையுங்கள். சரியாகும்வரை விடாமல் அனுப்புங்கள். பிள்ளைகுட்டிக்காரன், கருணை காட்டுங்கள் என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். வெப்பத்தில் தலைசுற்றல் வருகிறது, இந்த நிலையில் வண்டி ஓட்டுவது ஆபத்து என்று எழுதுங்கள். இந்த நாட்டில் விபத்து நடந்தால் தவறு யார்மேல் என்று போலீஸ் காகிதம் கொடுக்கும், அது இல்லாமல் கராஜில் வண்டியைத் தொட மாட்டார்கள். இன்சூரன்ஸில் நிறுவனம் ஏற்க வேண்டிய பங்கு, வண்டி முடங்கிக் கிடக்கும் நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினால் ஏசி பழுதுபார்க்கும் செலவு எம்மாத்திரம்? முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருந்தால், தெரியாது என்று யாரும் கைகழுவ முடியாது.

உங்கள் வண்டியில் சரக்கைக் குளிராக வைக்கும் சில்லர் பெட்டி இருக்கிறதல்லவா, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் 5 டிகிரிக்கு மேல் போனால் சூப்பர்மார்க்கெட் வாசலிலேயே சரக்கைத் திருப்பிவிடுவார்கள். ஆகவே பெட்டி கெட்டால் மெக்கானிக் அன்றே வருவார். அவர் வரும் நாளில் கேபின் ஏசியையும் அதே வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தயிருக்கு அன்றே மெக்கானிக் வருகிறார், அதைச் சுமந்துபோகும் மனிதனுக்கு அடுத்த வாரம். இத்தனை வருடமாகியும் இது என் நெஞ்சில் ஆறவில்லை.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது திறந்த வெளியில் நேரடி வெயிலில் செய்யும் வேலைக்கு. கேபினுக்குள் இருப்பவருக்கும் அது உண்டு என்று நிறுவனங்கள் ஒப்புக்கொள்வதில்லை. காலை, மாலை நெரிசல் நேரத்தில் பல முக்கியச் சாலைகளில் சரக்கு லாரிகளுக்குத் தடை இருப்பதால் லாரிக்காரர்களின் ஓட்டமெல்லாம் உச்சி வெயிலில்தான் விழுகிறது. ஆனால் பாதுகாப்பான பணிச்சூழல் தருவது முதலாளியின் கடமை என்று 2021-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. எழுதி எழுதியும் அசையவில்லை என்றால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யலாம். அப்போது உங்கள் செய்திகளும் படங்களும்தான் பேசும்.

மூன்று காரியங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கேபினிலிருந்து வீடியோ எடுத்து நிறுவனத்தின் பெயரோடு இணையத்தில் போடாதீர்கள். இங்குள்ள இணையக் குற்றச் சட்டம் கடுமையானது, புகார் சொன்னவரே குற்றவாளி ஆகிவிடுவார். நான்கு டிரைவர்களைச் சேர்த்துக்கொண்டு வண்டிகளை நிறுத்தாதீர்கள். அமெரிக்காவில் யூபிஎஸ் என்ற பார்சல் நிறுவனத்தின் டெலிவரி வண்டிகளுக்காக டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் 2023-ல் ஒப்பந்தம் போட்டு, 2024 முதல் வாங்கும் வண்டிகளில் ஏசி வைக்கச் செய்தது. இங்கே தொழிற்சங்கமே கிடையாது. கோபத்தில் வண்டியைச் சாலையோரம் விட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவும் கூடாது. நீங்கள் ஓடிப்போய்விட்டதாக நிறுவனம் அரசிடம் எழுதிவைத்தால் அதிலிருந்து மீள்வது பெரும்பாடு.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "நாங்கள் வந்தபோது ஏசியா இருந்தது? ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டினோம்" என்று மார்தட்டுகிற பழைய ஆட்களை நீங்கள் நிறையச் சந்திப்பீர்கள். அவர்களில் சிலர் இப்போது சூப்பர்வைசர்கள். அர்பாப், அதாவது முதலாளி, கேட்காத சிக்கனத்தையும் தாமாகவே செய்துகாட்டி நல்ல பெயர் வாங்குவார்கள். தமிழன் தமிழனுக்கு உதவுவான் என்று நம்பி வாய்ப்பேச்சோடு நின்றுவிடாதீர்கள். நானும் ஈரத்துண்டோடு ஓட்டியவன்தான். கடலோர ஈரப்பதம் சேர்ந்த ஆகஸ்ட் மாதத்தில் துண்டு காயாது, வியர்வையும் காயாது, உடம்பு குளிர வழியே இல்லை. எங்களோடு ஓட்டிய ராஜஸ்தான்காரர் ஒருவர் ஒரு மதியம் கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியவர், தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் பேச ஆரம்பித்தார். ஐஸ் பெட்டியைக் கொட்டி அவரைப் பிழைக்கவைத்தோம். பேச்சு குழறினால் அது வெறும் களைப்பு இல்லை தம்பி, உடனே 998-க்கு அழையுங்கள்.

எனக்கு ஏசி வேலை கற்றுக்கொடுத்தவர் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் சின்ன கராஜ் வைத்திருந்த, பஷ்தூன் இனத்தவரான பட்டாணி முதியவர். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. என் கையைப் பிடித்து இரண்டு குழாய்களிலும் மாறி மாறி வைப்பார், ஒன்று சுடும், ஒன்று குளிரும், தலையை ஆட்டுவார். வெள்ளிக்கிழமைகளில் அவர் கராஜே கதியாகக் கிடந்தேன். அந்தப் படிப்பில்தான் டிரைவராக வந்தவன் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்தேன். என் பொறுப்பில் உள்ள வண்டிகளுக்கு மார்ச் மாதமே ஏசி சோதனை முடிந்துவிடும். ஏசி ஓடாத வண்டியை ஜூன் முதல் கேட்டுக்கு வெளியே விடுவதில்லை, முதலாளி சத்தம் போட்டாலும் சரி.

"பார்ட்ஸ் ஜப்பானிலிருந்து வர வேண்டும்" என்று உங்களிடம் சொல்வார்கள். நம்பாதீர்கள். கேன்டர் போன்ற ஜப்பானியச் சிறு லாரிக்கான கம்ப்ரஸர் புதிதும் பழையதும் அதே இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் கிடைக்கும். ஜூன் பாதியைத் தாண்டினால் ஏசி கராஜ்களில் வரிசை நிற்கும். இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.