கூகுள் டாக்ஸை லேப்டாப்பில் இறக்கி வைத்தால் போதுமா? கேள்வி பதில்

குலசேகரம்: அண்ணே, ரப்பர் ஷீட் வரவு முழுக்க கூகுள் ஷீட்ஸில் இருக்கு. டிரைவ் ஃபோல்டர் லேப்டாப்பிலும் இருக்கு. நெட் போனால் மட்டும் கணக்கு திறக்கலை.

பதில்: ஃபைல் பெயர் ‘ஜிஷீட்’ என்று முடியுதா? அதில் கணக்கு கிடையாது. கணக்கு எங்கே இருக்கு என்று சொல்லும் துண்டுச்சீட்டு அது. சைஸ் பார்த்தாலே தெரியும். ஒன்றிரண்டு என்றால் நெட் இருக்கும்போது ஷீட்டைத் திறந்து மெனுவில் ஃபைல், டவுன்லோட், எக்ஸெல் என்று போங்க. நிறைய இருந்தால் கூகுளில் உள்ள நம்ம டேட்டாவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் பக்கம் போய் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு டிரைவ் மட்டும் வையுங்க. சைஸை மாற்றாவிட்டால் 2 ஜிபி ஜிப்களாக வரும், ஒன்றைக்கூட விடாமல் இறக்கணும். லிங்க் ஒரு வாரம்தான். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேலான ஜிப் அதில் ஏறாது.

இறக்கினாலும் சிலது வராது. எக்ஸெல் ஃபைலில் பழைய வெர்ஷன்கள் இருக்காது. ஷீட்டில் வேலையைத் தானாகச் செய்ய எழுதின ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எக்ஸெலில் ஓடாது. வேறு ஷீட்டிலிருந்து எண்ணை இழுக்கும் இம்போர்ட்ரேஞ்ச் ஃபார்முலா போட்டிருந்தால் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும், இனி மாறாது. அந்த எண்ணை நம்பி விலை போட்டுடாதீங்க.

தக்கலை: எனக்கு ஷேர் பண்ணின ஃபைல் டேக்அவுட்டில் இல்லையே?

பதில்: நீங்க உரிமையாளராக இருக்கிற ஃபைல்தான் வரும். ‘மேக் எ காப்பி’ போட்டு இறக்குங்க. மெனுவில் அந்த வரி மங்கலாக இருந்தால் உரிமையாளரிடம் கேளுங்க.

மார்த்தாண்டம்: டிரைவையும் லேப்டாப்பையும் ஒரே மாதிரி வைக்கிற மிரர் போட்டாச்சு. தனியா பேக்கப் எதுக்கு?

பதில்: மிரர் பேக்கப் இல்லை. அங்கே அழித்தால் இங்கேயும் அழியும்.

குளச்சல்: அதென்ன அண்ணே, லேப்டாப் கெட்டாலும் டிரைவில் இருக்கும்லா?

பதில்: லேப்டாப் கெடுவது வேற, கை தவறி அழிவது வேற மக்கா.

மார்த்தாண்டம்: டிராஷில் 30 நாள் இருக்கே!

பதில்: மார்ச்சில் அழிஞ்ச மீன் ஏலக் கணக்கை ஆடிட்டர் செப்டம்பரில் கேட்பார். அப்போ எந்த டிராஷில் தேடுவீங்க? மாசம் ஒருமுறை இறக்கி, எழுதி முடிச்சதும் வயரைக் கழற்றி வைக்கிற ஹார்ட் டிஸ்க், அதுதான் பேக்கப்.

நாகர்கோவில்: லினக்ஸில் ஜிப்பைப் பிரிச்சா ‘பெயர் நீளம்’ என்று நிற்குது. 90 எழுத்துகூட இல்லை.

பதில்: நல்ல கேள்வி. அங்கே எல்லை 255 எழுத்து இல்லை, 255 பைட். தமிழில் ‘க’ 3 பைட், ‘கொ’ 6 பைட். ஆக 50 எழுத்திலேயே முட்டலாம். டிரைவிலேயே பெயரைச் சுருக்கிட்டு மறுபடி இறக்குங்க. விண்டோஸில் சிக்கல் வேற: ஃபோல்டர் பாதையும் சேர்த்து 260 எழுத்துக்குறிதான் எல்லை. டி டிரைவில் நேராகப் பிரிங்க.

தோவாளை: நெட் இல்லாம டாக்ஸ் திறக்கலை அண்ணே…

பதில்: குலசேகரத்துக்குச் சொன்னதேதான். மேலே வாசிங்க.

இரணியல்: மிரர் இருந்தா போதும்லா?

பதில்: போதாது.