வென்டிலேட்டரிலிருந்து மீண்டு ஐந்து மாதமாகியும் அப்பாவால் பாதத்தைத் தூக்க முடியவில்லை, இனி நடப்பாரா?

உங்கள் தந்தையாரும் வயலில் இறங்குபவராகத்தான் இருப்பார் என்று நானாகவே எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். 2019 ஐப்பசியில், மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் சம்பா வயலில் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது எனக்கு எலிக்காய்ச்சல் கண்டது. சிறுநீரகமும் நுரையீரலும் அடுத்தடுத்துப் பழுதுபட, 19 நாட்கள் வென்டிலேட்டரில் கிடந்தேன். நினைவு திரும்பியபோது கன்னத்தில் ஈ உட்கார்ந்தது தெரிந்தது. அதை விரட்டத்தான் கை எழவில்லை.

ஊரார் பக்கவாதம் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பிய மருத்துவமனையோ, சீட்டில் 'உடல் பலவீனம்' என்று எழுதி, நன்றாகச் சாப்பிடச் சொன்னதோடு சரி. அந்த இரண்டு சொற்களின் மீதுள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்று மாதம் கழித்துத் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவர் நரம்புகளின் மின்கடத்தலைச் சோதித்த பிறகே உண்மை விளங்கியது. கிருமித் தொற்று முற்றிப் பல உறுப்புகள் செயலிழக்கும்போது கைகால் நரம்புகளும் தசைகளும் சேர்ந்தே சேதமடைவதுண்டு. கனடா மருத்துவர்கள் 1984-லேயே இந்த நரம்புப் பாதிப்பை விவரித்திருக்கிறார்கள். பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் வீழ்த்தும். இதிலோ இரு பக்கமும் ஒருசேரத் தளர்கின்றன.

தசை மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் விரைவில் தேறும். நரம்பிழை சிதைந்திருந்தால் அது நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. அளவே மீண்டும் வளரும் என்பதால், முழங்காலிலிருந்து பாதம்வரையுள்ள 40 செ.மீ. தூரத்துக்கே ஓராண்டுக்கு மேலாகிவிடும். ஐந்தாம் மாதத்தில் முடிவு கட்டாதீர்கள்.

எனக்குத் தொடை நான்காம் மாதத்தில் தாங்கியது, பாதம் தாங்கவில்லை. ஒருநாள் வரப்பில் வலக்கால் செருப்பு கழன்றது தெரியாமலே பத்தடி நடந்து, மருமகள் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பாதம் தொங்காமலிருக்கப் பிளாஸ்டிக் தாங்கி அணிந்தேன்; உணர்ச்சியற்ற காலில் புண் இருக்கிறதா என்று இரவுதோறும் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். எண்ணெய் தேய்ப்பதை நான் இழித்துப் பேசுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நானும் தேய்த்துக்கொண்டேன், இதமாகத்தான் இருந்தது. ஆனால் குதிகால் இறுகாமல் காத்தது, நாள் தவறாமல் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்த பயிற்சியே. அதற்காக வாரம் மூன்று முறை நகரப் பேருந்தில் ஏற வேண்டும். அந்த முதல் படியின் உயரத்தை நிர்ணயித்தவருக்கு ஒருநாளாவது என் கால்கள் வாய்க்க வேண்டும்.

பதினான்காம் மாதம் பெருவிரல் அசைந்தது. இடக்கால் ஏறக்குறைய சரியாகிவிட்டது. இருட்டிய பின் வரப்பில் நடக்க வலக்காலை இன்னும் நான் நம்புவதில்லை.