மணியின் நடுவில் செல்கள் சாவதற்கு ஆக்சிஜன் காரணமில்லை
மில்லிலிட்டருக்கு 2 கோடி முதுகெலும்பு வட்டு செல்கள் போட்ட அல்ஜினேட் (கடற்பாசி ஜெல்) மணிகளில் ஓரம் பிழைத்து நடு மட்டும் சாகிறது, ஆக்சிஜனைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நியூக்ளியஸ் பல்போசஸ் (வட்டின் நடுப்பகுதி) செல் கிளைகாலிசிஸில், அதாவது ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்து, வாழ்வது. ஆக்சிஜன் குறைந்தால் புரோட்டியோகிளைக்கான் (வட்டில் நீரைப் பிடித்துவைக்கும் பொருள்) உற்பத்திதான் படுக்கும், செல் சில நாள் தாக்குப்பிடிக்கும். குளுக்கோஸ் தீர்ந்தால் தாங்காது. போதாக்குறைக்கு, நெரிசலில் லாக்டிக் அமிலமும் தேங்கும். மீடியம் (செல்கள் வளரும் திரவம்) மஞ்சளாகிறதா, பாருங்கள்; ஆனால் அமிலம் கூடுகிறது.

மனித வட்டின் நடுப்பகுதியிலேயே மில்லிலிட்டருக்குச் சுமார் 40 லட்சம் செல்கள்தான். உங்களுடையது ஐந்து மடங்கு! முதலில் அந்த அளவுக்கு இறக்குங்கள். அப்புறம் மணியைச் சிறிதாக்கி, மீடியத்தைத் தினமும் மாற்றுங்கள். உங்கள் மீடியம் லிட்டருக்கு 1 கிராம் குளுக்கோஸ் உள்ள டிஎம்இஎம் வகை என்றால் 4.5 கிராமுக்கு மாறலாம். ஆனால் அது அமிலத்தைக் குறைக்காது. நெரிசலைக் குறைப்பதே முக்கியம்.