பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது இன்ஜெக்ஷன்: கேளுங்க, சொல்றன்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய கார் வச்சிருக்கிற ஆக்கள் அனுப்பின கேள்விகள். ஒரே விசயத்தை நாலு பேர் கேட்டிருந்தா ஒண்டாக்கிட்டன். இன்ஜெக்ஷன் எண்டா காபரேட்டர் இல்லாம, பெற்றோலை அழுத்தத்தில இன்ஜெக்டர் வழியாத் தூவுற முறை.

கல்லடி: அண்ணன், என்ட ட்ரையம்ப் டி.ஆர்.6, 1971 மொடல், லூகாஸ் இன்ஜெக்ஷன். பகல் வெயிலுக்க ஓடினா பின்னுக்குப் பம்ப் கத்துது, பிறகு எஞ்சின் விக்கி விக்கிப் போகுது. எல்லாத்தையும் கழட்டிட்டு எலெக்ட்ரொனிக் இன்ஜெக்ஷன் போடச் சொல்றாங்க. போடவா?

முதல்ல பம்பைப் பாருங்க தம்பி. டிக்கிக்குள்ள இருக்கிற அந்த லூகாஸ் பம்பிட மோட்டர், வைப்பர் மோட்டரில இருந்து உருவாக்கினது. அதை வச்சு 100 பி.எஸ்.ஐக்கு மேல, கிட்டத்தட்ட 7 பார் அழுத்தம் எடுக்கிறாங்க. இங்கிலாந்துக் குளிருக்கே சூடாகிற சாமான், கல்லடி வெயிலுக்கு என்ன செய்யும்? எஞ்சின் பாவிக்காத பெற்றோல் திரும்ப டாங்கிக்கு வாறபோது சூட்டையும் கொண்டு வருது. டாங்கியில கால்வாசிதான் கிடக்கெண்டா அந்தச் சூடு ஆற வழியில்ல. பெற்றோல் பம்புக்குள்ளேயே ஆவியாகி அழுத்தம் விழுந்திரும். நீங்க கேக்கிற கத்தல் அதுதான்.

டாங்கியை நிரப்பிட்டு அதே வெயிலுக்க அதே ரோட்டில ஓடிப் பாருங்க. கத்தல் குறைஞ்சா, பெற்றோலை அளந்து பிரிச்சு விடுற மீட்டரிங் யூனிட்டைத் தொடாதீங்க. போஷ் பம்ப் ஒண்டு, அதுக்கு முன்னால நல்ல ஃபில்டர் ஒண்டு, மிஞ்சின அழுத்தத்தை விடுற லூகாஸ் ரிலீஃப் வால்வ் அப்படியே இருக்கட்டும். எல்லா போஷ் பம்பும் 7 பாருக்கு ஈடு குடுக்காது, கேட்டு வாங்குங்க. இங்கிலாந்தில கன பேர் இதோட நிண்டுட்டாங்க.

இன்னொண்டு. அந்த எஞ்சினில மூண்டு த்ரொட்டில் பொடி, காத்துக்கு வழி திறந்து மூடுற ஆறு பட்டர்ஃப்ளைத் தகடு. அந்தத் தகட்டைத் தாங்கிற ஸ்பிண்டில் தேஞ்சு காத்து இழுத்தா ஐட்லிங் ஒருநாளும் நேரா நிக்காது. அது தேஞ்சபடியே கிடக்க, மேல லட்சக்கணக்கில ஈ.சி.யூ (இன்ஜெக்ஷனை நடத்துற எலெக்ட்ரொனிக் பெட்டி) போட்டாலும் அதே ஆட்டம்தான்.

காத்தான்குடி: நாநா, இவ்வளவு கரைச்சல் எதுக்கு? வெபர் காபரேட்டர் மூண்டைப் பூட்டினா முடிஞ்சுதே?

முடியும், ஓடும், சத்தமும் சோக்கா இருக்கும். நான் எதிரி இல்ல. ஆனா அமெரிக்காவுக்குப் போன டி.ஆர்.6க்கு ட்ரையம்ப் கொம்பனியே இன்ஜெக்ஷனை விட்டிட்டு ரெண்டு ஸ்ட்ரோம்பர்க் காபரேட்டர் பூட்டி அனுப்பினது. ஆரம்பகால இன்ஜெக்ஷன் கார் 150 குதிரைவலு எண்டு கணக்குக் காட்டினா, அது 105க்குக் கிட்டத்தான். காம்ஷாஃப்டும் வேறதான், முழுப் பழியையும் காபரேட்டரில போடேலாது. வெபருக்கு ஜெட் சரியாப் பிடிக்கிற கை இந்தப் பக்கம் இருந்தா போடுங்க. இல்லாட்டி பெற்றோல் செட்காரனுக்குத்தான் லாபம்.

கிரான்: வொல்வோ 1800ஈ ஒண்டு. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக்க நிப்பாட்டினது. இப்ப ஸ்டார்ட் எடுக்குது, ஆனா கறுப்புப் புகை. போஷ் டி-ஜெட்ரொனிக் எண்டு எழுதியிருக்கு.

அந்தப் பழைய பெற்றோலை வெளியில ஊத்திவிட்டிட்டு, டாங்கியைக் கழுவி, இன்ஜெக்டர்களைக் கழட்டிச் சுத்தம் செய்யக் குடுங்க. அதுக்குப் பிறகுதான் மற்றக் கதை.

டி-ஜெட்ரொனிக் 1967இல ஃபோக்ஸ்வாகன் 1600இல வந்த சிஸ்டம். எவ்வளவு பெற்றோல் விடுறதெண்டு இன்டேக்கில இருக்கிற அழுத்தத்தைப் பாத்துத்தான் தீர்மானிக்கும். அந்த அழுத்த சென்சருக்குள்ள மெல்லிய உலோகத் தகடொண்டு இருக்கு. அது வெடிச்சா கார் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கும், நீங்க சொல்ற கறுப்புப் புகையும் வரும். கையால அடிக்கிற வெற்றிடப் பம்பைக் குழாயில பூட்டி இழுத்துப் பாருங்க. முள்ளு நிக்காம இறங்கினா தகடு போயிற்று. டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில இன்ஜெக்டரை இயக்கிற ட்ரிகர் பொயின்ட் ரெண்டு கிடக்கும், அதையும் துடைங்க. சென்சரும் போய் ஈ.சி.யூவும் போயிருந்தா, அப்ப சிஸ்டத்தை மாத்துறதுக்கு நான் 'ஓம்' சொல்லுவன். ரெண்டும் புதுசாக் கிடைக்கிற சாமானில்ல.

திருக்கோவில்: அண்ணன், நான் முடிவெடுத்திட்டன். டி.ஆர்.6க்கு மெகாஸ்குவேர்ட் எண்டுற ஈ.சி.யூதான். என்னென்ன வேணும்?

முடிவெடுத்தா சரி. எஞ்சின் எந்த நிலையில நிக்குதெண்டு ஈ.சி.யூவுக்குத் தெரியவேணும். அதுக்கு கிராங்க் புலியில 36 பல்லில ஒண்டைக் குறைச்ச சில்லு, பக்கத்தில சென்சர். இந்தக் காரில ஃபேனும் கிராங்கிலதான் பூட்டியிருக்கு, இடம் இறுக்கம். லேத்காரரிட்ட காரையே கொண்டுபோய்க் காட்டுங்க, கடதாசியில கீறிக் குடுத்துச் சரிவராது. சில்லு ஆடாம ஓடவேணும், சென்சருக்கும் பல்லுக்கும் நடுவில ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட இடைவெளி.

அழுத்தம் இப்ப 7 இல்ல, 3 பார் போதும். ரெகியுலேட்டரும் டாங்கிக்குத் திரும்பிற லைனும் வேணும். காபரேட்டர் ஹோஸ் போடவே கூடாது. இன்ஜெக்ஷனுக்குரிய ஜே30ஆர்9 எண்டு ஹோஸிலேயே அடிச்சிருக்கும், பஞ்சிகாவத்தையில வாங்கினாலும் எழுத்தை வாசிச்சிட்டுக் காசைக் குடுங்க. கிளிப்பும் விளிம்பு உருண்டது. மற்றது ஹோஸை அறுக்கும், சூடான எக்ஸோஸ்ட் மனிஃபோல்டில பெற்றோல் சீறினா கார் மிஞ்சாது. எஞ்சின் நிண்டா பம்பும் நிக்கிற மாதிரி ரிலேயை ஈ.சி.யூவே பிடிக்கவேணும். நேரடியா சாவியில குடுக்கிற வேலையைப் பாத்தா நான் அந்தக் காரில ஏறமாட்டன்.

ஆறு த்ரொட்டில் இருக்கிறதால, ஈ.சி.யூ பாக்கிற இன்டேக் மனிஃபோல்ட் அழுத்தம் துடிச்சுக்கொண்டே இருக்கும். ஆறில இருந்தும் சின்னக் குழாய் எடுத்து ஒரு டப்பாவுக்குள்ள சேத்தா கொஞ்சம் அடங்கும். அப்படியும் சரிவராட்டி த்ரொட்டில் திறக்கிற அளவை வச்சுக் கணக்குப் பாக்கிற முறைக்குப் போங்க. இந்தக் காருக்கு எனக்கு அதுதான் விருப்பம்.

கல்முனை: எத்தின சீ.சீ. இன்ஜெக்டர்?

ஒரு குதிரைவலுவுக்கு மணித்தியாலத்துக்கு அரை இறாத்தல் பெற்றோல். டி.ஆர்.6இட 150க்கு 75 இறாத்தல், ஆறு இன்ஜெக்டரால பிரிச்சா 12.5. இன்ஜெக்டரை 80 வீதத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, அப்ப 15.6 இறாத்தல், அதாவது நிமிசத்துக்கு 165 சீ.சீக்குக் கிட்ட. 200 எடுத்தாப் போதும். 440 மலிவாக் கிடைக்குதெண்டு வாங்கினா ஐட்லிங்கில துளி துளியா விடத் தெரியாமத் தடுமாறும். மீற்றரில ஓம்ஸும் பாருங்க: 12க்கு மேல காட்டினா நேரா பூட்டலாம், 2, 3 காட்டினா ரெசிஸ்டர் வேணும்.

செங்கலடி: சேர், ஊருக்குள்ள அருமையா ஓடுது. பதுளை ரோட்டால ஏறி நுவரெலியா போனா மூச்சு முட்டுது.

உங்கடது த்ரொட்டில் கணக்கில ஓடுறது போல. கடல் மட்டத்தில காத்தழுத்தம் 101 கிலோபாஸ்கல், நுவரெலியாவில 80க்குக் கிட்ட. காத்து அஞ்சில ஒரு பங்கு குறைஞ்சும் ஈ.சி.யூ ஊர்க் கணக்கிலேயே பெற்றோலை ஊத்துது. வெளிக்காத்தை அளக்கிற ரெண்டாவது அழுத்த சென்சர் ஒண்டைப் பூட்டி, மென்பொருளில அந்தத் திருத்தத்தைப் போட்டுவிடுங்க. எஞ்சினில ஒண்டுமில்ல.

அக்கரைப்பற்று: காக்கா, கடலுக்குக் கிட்ட வீடு. ஈ.சி.யூவை எங்க வைக்கிற?

டாஷுக்கு அடியில, காலால உதைபடாத இடத்தில. பொனட்டுக்குள்ள வேணாம். வயர் ஈயம் பூசினதா இருந்தா நல்லம், உப்புக்காத்துக்கு வெறும் செம்பு பச்சை பூத்திரும். ஈ.சி.யூ, சென்சர் எர்த் எல்லாத்தையும் எஞ்சின் ப்ளொக்கில ஒரே இடத்தில இறுக்குங்க. பொடியில ஒண்டு, கியர்பொக்ஸில ஒண்டெண்டு குடுத்தா சென்சர் பொய் சொல்லும்.

பொத்துவில்: ஓட்டோவில இருந்து கழட்டின இன்ஜெக்ஷன் ஈ.சி.யூ சும்மா கிடக்கு. பாவிக்கலாமா?

ஒரு சிலிண்டருக்கு எழுதினது. வேணாம்.

வாழைச்சேனை: அங்கிள், அப்பாட பழைய பி.எம்.டபிள்யூ, எல்-ஜெட்ரொனிக். ஐட்லிங் ஏறி இறங்குது. மாத்தவேணுமா?

வேணாம் மகள். அது உள்ள போற காத்தைக் கதவொண்டு வச்சு அளக்கிற சிஸ்டம். அந்தக் கதவுக்குப் பிறகு எங்க ஓட்டை இருந்தாலும் கணக்குப் பிழைக்கும். எஞ்சின் ஐட்லிங்கில நிக்கக்குள்ள ஒயில் மூடியைத் திறங்க. எஞ்சின் தடுமாறவேணும். ஒரு மாற்றமும் இல்லையெண்டா ஏற்கெனவே எங்கேயோ காத்து வாங்குது: ரப்பர் குழாய் மடிப்புகளை விரிச்சு, அடிப்பக்கம் வெடிப்பிருக்கா எண்டு பாருங்க.

ஏறாவூர்: ட்யூனிங்குக்குக் கொழும்புக்குத்தான் போகவேணுமா?

இல்ல. புகையை வச்சுக் காத்து-பெற்றோல் கலவையை அளக்கிற வைட்பேண்ட் ஒக்சிஜன் சென்சர், போஷ் எல்.எஸ்.யூ 4.9, சைலன்சர் குழாயில வெல்ட் பண்ணிப் பூட்டுங்க. ஒராள் ஓட, மற்றாள் பக்கத்தில மடிக்கணினியோட. சமனா ஓடக்குள்ள ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையில 14.7 பங்கு காத்து, முழுசா மிதிக்கக்குள்ள 12.5க்கும் 13க்கும் நடுவில. பொத்துவில் ரோட்டில சனமில்லாத நேரம் பாத்து, முதல்ல மெல்லிய மிதியிலதான் திருத்துங்க. முழு மிதியில 14 காட்டினா உடனே காலை எடுங்க, பிஸ்டன் உருகிறதுக்குக் கனநேரம் வேணாம். இக்னிஷன் டைமிங்கை ஒயில் சூடான பிறகு லைட் அடிச்சுப் பாத்திட்டுத்தான் இதெல்லாம். டி.ஆர்.6இல கழட்டின லூகாஸ் மீட்டரிங் யூனிட்டை ஒயில் பூசி, வாய்களை அடைச்சுப் பெட்டியில வையுங்க. பழைய இரும்புக்குக் குடுத்திராதீங்க, காரை விக்கக்குள்ள அதைத்தான் முதல்ல கேப்பாங்க.