பாத்திமா பீவியைப் பற்றி என்ன பேசுவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சட்டக் கல்லூரி மாணவி. கல்லூரி விழாவில் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொன்னதும் அப்பா, "2001-ல ஜெயலலிதாவுக்குப் பதவிப் பிரமாணம் செஞ்சு வச்ச கவர்னர்தானே?" என்றார். இங்கே பலருக்கும் அந்த ஒரு நாள்தான் நினைவிருக்கிறது. அதைப் பேச வேண்டுமா, விட்டுவிடலாமா?

– வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

விடாதீர்கள். ஆனால் அதிலிருந்து தொடங்கவும் வேண்டாம். 1958-லிருந்து தொடங்குங்கள்.

அந்த ஆண்டு மே மாதம் அவர் கேரளத்தில் முன்சீப், அதாவது கீழ்நிலை சிவில் கோர்ட் நீதிபதி, ஆனார். வரப்புத் தகராறும் கடன் பத்திரமும் வாடகைப் பாக்கியும் வந்து நிற்கிற கோர்ட் அது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறினார்: 1968-ல் சப் ஜட்ஜ், 1974-ல் மாவட்ட நீதிபதி, 1983-ல் கேரள உயர் நீதிமன்றம். மொத்தம் 25 ஆண்டுகள். உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் உயர் நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்து அங்கேயே நீதிபதியானவர்கள். கீழ்க் கோர்ட்டில் சாட்சி விசாரித்து, தீர்ப்பு எழுதி, மாற்றலாகி மாற்றலாகி மேலே போகிறவர்கள் ஆணிலேயே குறைவு. "முதல் பெண்" என்ற பட்டத்தைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அவருக்கு முன்னால் அன்னா சாண்டி இருந்தார். 1937-ல் திருவிதாங்கூரில் முன்சீப் ஆனவர், இந்தியாவின் முதல் பெண் நீதிபதி. அதற்கும் முன்பே ‘ஸ்ரீமதி’ என்ற பத்திரிகை நடத்தி, பெண்களுக்கு அரசு வேலை வேண்டும் என்று வாதாடியவர். பத்தனம்திட்டாவில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வேதியியல் படித்த பாத்திமா பீவி அதையே மேலே படிக்க நினைத்தார். அப்பா மீரா சாகிப்தான் அன்னா சாண்டியைக் காட்டி, சட்டம் படி என்றார். 1950-ல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம். 1940-களில் ஒரு முஸ்லிம் குடும்பத்துத் தகப்பன் மகளிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார். உங்கள் அப்பாவிடம் அவசியம் சொல்லுங்கள்.

உச்ச நீதிமன்றம் தொடங்கி 39 ஆண்டுகள் கழித்து, 1989 அக்டோபர் 6-ம் தேதி ஒரு பெண் நீதிபதியாக உள்ளே போனார். அப்போது அவருக்கு 62 வயது. உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. 65-ல் ஓய்வு என்பதால் கிடைத்தது இரண்டரை ஆண்டுதான். 1992 ஏப்ரலில் அவர் வெளியே வந்த பிறகு, 1994 நவம்பரில் சுஜாதா மனோகர் வரும்வரை அங்கே ஒரு பெண்கூட இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

சரி, இனி 2001. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால் தேர்தலில் நிற்கவே முடியாத ஜெயலலிதாவை, தமிழ்நாட்டு ஆளுநராக இருந்த பாத்திமா பீவி மே 14 அன்று முதல்வராக்கினார். பெரும்பான்மை பெற்ற கட்சியின் தேர்வு அது என்பது அவர் தரப்பு. செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அந்த நியமனம் செல்லாது என்றது. சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்கிற அரசியல் சட்டப் பிரிவு, உறுப்பினராகும் தகுதியே இல்லாதவருக்குப் பொருந்தாது. தீர்ப்பு சரி, பாத்திமா பீவியின் முடிவு தவறு என்பதுதான் என் கருத்து. அந்தத் தீர்ப்பு வருவதற்குள், ஜூன் 30-ல் கருணாநிதி கைதானதை ஒட்டி, பாத்திமா பீவியைத் திரும்ப அழைக்க மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

1999-ஐயும் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் ஆளுநர் அவர்தான். ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நால்வரின் கருணை மனுக்களை, அமைச்சரவையின் ஆலோசனை பெறாமல் தானே நிராகரித்தார். சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதியாகத் தானே முடிவெடுத்துப் பழகியவர், ஆளுநர் எங்கே தானாக முடிவெடுக்கலாம், எங்கே கூடாது என்பதில் இரண்டு முறை தவறினார். சட்டம் படிக்கிற உங்களுக்குப் பேச நிறைய இருக்கிறது.

அப்புறம், நம் ஊர் ஆர். பானுமதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1988-ல் தமிழ்நாட்டில் மாவட்ட நீதிபதியாகச் சேர்ந்து, 2014-ல் உச்ச நீதிமன்றம் போனவர். பாத்திமா பீவி ஏறிய அதே கீழ்க் கோர்ட் வழி. உங்கள் விழாவில் உட்கார்ந்திருக்கும் மாணவிகளில் முன்சீப் தேர்வு எழுதப் போகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.